டெஸ்க்டாப் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்த நாள்

பூமி சுற்றுகிறது என்பதை எங்கள் டெஸ்க்டாப் அண்ணன் இன்று வரை ஒப்புக்கொள்ளவில்லை. மற்ற இடமெல்லாம் சுற்றினால் சுற்றட்டும், அதில் அவருக்கு ஆட்சேபனை கிடையாது. சிவகாசியில் அச்சகங்கள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு தெருவில், ஒரு லேபிள் டிசைன் கடையில், மின்விசிறிக்கு நேர் கீழே தன்னுடைய நாற்காலி கிடக்கும் இடம் மட்டும் அசையவே இல்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

காலையில் வந்து உட்கார்ந்தால் கடை சாத்தும்போதுதான் எழுவார். டீ அவரிடம் வரும். சாப்பாடு அவரிடம் வரும். முதலாளியும் அவரிடம்தான் வருவார். முடி வெட்டுகிறவர்கூட ஒருமுறை கடைக்கே வந்து வேலையை முடித்துவிட்டுப் போனதாகத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்புகிறேன். அவருடைய கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் பிஸ்கட் தூளோடு முடியும் கொட்டும்.

பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைவதுதான் அவர் வேலை. பூச்சட்டி, சங்குசக்கரம், கம்பி மத்தாப்பு எல்லாவற்றுக்கும் படம் போட வேண்டும். மற்ற டிசைனர்கள் ஒரு குழந்தையையும் நாலு பூவையும் வைத்து முடித்துவிடுவார்கள். எங்கள் அண்ணன் பனிமலை உச்சியில் மயிலை நிறுத்துவார். நிலாவுக்குப் போகும் ரயிலில் ஜன்னலோரமாக ஒரு யானையை உட்கார வைப்பார். இத்தனைக்கும் மனிதர் மதுரையைத் தாண்டியதில்லை.

"யோவ், மயிலுக்கு எதுக்குய்யா பனி? சளி புடிக்கவா?" என்று ஒரு கம்பெனிக்காரர் கேட்டார்.

"வெடி வாங்குற புள்ள டப்பாவைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி எங்கயாச்சும் போயிட்டு வரட்டும்ணே" என்றார் இவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கம்பெனிக்காரர் கொஞ்ச நேரம் அந்தப் பனியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டால் கழுத்தைத் துடைத்துவிட்டு, சரி, அடிச்சிருங்க என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே தார் உருகும் வெயில்.

வேலை இல்லாத நேரத்தில் அண்ணன் மவுஸைத் தொடாமல் சும்மா இருப்பார். சற்று நேரத்தில் திரையில் மீன்கள் வரும். நீலத் தண்ணீரில் ஆரஞ்சு மீனும் கோடு போட்ட மீனும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும். ஆனைக்குட்டம் அணையே வற்றித் தரை தெரிந்த வருடத்திலும் எங்கள் கடையில் மீன் நீந்தியது. லோடு இறக்க வந்தவர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, நிஜமாகவே குளித்துவிட்டு வந்த முகத்தோடு போவார்கள். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக்கொண்டிருந்த நானும் அந்த மீன்களைப் பார்த்துப் பல முகூர்த்த நேரங்களைத் தப்பாக அடித்திருக்கிறேன்.

அவருக்கு இந்தப் பெயர் வந்தது ஒரு தத்துவத்தால். இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் அது. லேப்டாப் என்பதைப் பெரிய முதலாளிகளின் தோள்பையில் மட்டுமே பார்த்திருந்தோம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவரிடம் ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"இங்கேருலே. ரெண்டுக்குள்ளயும் ஒரே சரக்குதான். மூளை ஒண்ணு, ஞாபகம் ஒண்ணு, பாக்குறதுக்குத் திரை, தட்டுறதுக்குப் பலகை. நம்ம கோயில்ல மூலவரும் உற்சவரும் மாதிரின்னு வச்சுக்க. சாமி ஒண்ணுதான். மூலவரு இருந்த இடத்துல இருப்பாரு. உற்சவரு தெருத்தெருவாச் சுத்துவாரு. டெஸ்க்டாப்பு மூலவரு, லேப்டாப்பு உற்சவரு. அம்புட்டுதான்."

"அப்ப எதுண்ணே ஒசத்தி?"

"வரம் வேணும்னா எங்கலே போவ? கோயிலுக்குள்ளதான?"

அன்றிலிருந்து உலகத்தையே இரண்டாகப் பிரித்துவிட்டார். தபால்காரர் லேப்டாப். தெருமுனை வேப்பமரம் டெஸ்க்டாப். தண்ணீர் லாரி லேப்டாப், தண்ணீருக்காகக் காத்திருக்கும் குடங்கள் டெஸ்க்டாப். எங்கள் முதலாளியைப் பற்றிக் கேட்டேன். "அவரு லேப்டாப்பு மாதிரிதான் அலையுறாரு. ஆனா சார்ஜ் நிக்கல. மதியம் சாப்பிட்டா அணைஞ்சிருதாரு" என்றார். நானும் ஆசையாக, "நான் என்னண்ணே?" என்றேன்.

"நீ லேப்டாப்புலே. ஒருநா மூடித் தூக்கிட்டுப் போயிருவ."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்கு டீ இறங்கவில்லை.

இப்படி மூலவராக வீற்றிருந்தவரின் மேசைக்கு ஒரு உற்சவர் வந்து சேர்ந்ததுதான் கதை.

செல்வராணி ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவர். சூலக்கரையில் அலுவலகம், கையில் அலுவலகம் கொடுத்த லேப்டாப். அவர்கள் வகுப்புக்கு வேண்டிய சான்றிதழ்களை எங்கள் கடையில்தான் அடித்தார்கள். ஒருநாள் சாயங்காலம் அவர் முதலாளியிடம் விசித்திரமான ஒரு உதவி கேட்டார். இந்த லேப்டாப் தினமும் இரவு உங்கள் கடையில் தங்கலாமா?

"எங்க அப்பா இதை வீட்டுக்குள்ள விட மாட்டாக சார். செருப்பைக் கழட்டி வைக்கிற மாதிரி எங்கயாச்சும் கழட்டி வச்சுட்டு வான்னுட்டாக."

அப்பா எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையின் கேட் வாட்ச்மேன். வீடு கேட்டை ஒட்டியே இருந்தது. பட்டாசுக் கம்பெனி கேட்டில் உள்ள வழக்கம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் ஒரு தட்டில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக, வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். எவனோ ஒருவன் வேட்டி மடிப்பில் மறந்து வைத்திருந்த தீப்பெட்டியால் தம்பியைப் பறிகொடுத்தவர் அந்த வாட்ச்மேன். பிளக் இல்லாமலே எரியும் ஒரு பெட்டி என்றால், வயிற்றுக்குள் நெருப்பை வைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் அவருக்குப் பட்டது. மகளே கொண்டுவந்தாலும் விடவில்லை.

முதலாளி சம்மதித்தார். கடையில் காலியாக இருந்த ஒரே பிளக் அண்ணனின் மேசையில் இருந்தது. அவருடைய பெரிய மானிட்டருக்கு அருகில் அந்த மெல்லிசுப் பெட்டி தினமும் சார்ஜ் ஏறியபடி படுத்திருந்தது. காலையில் வந்து எடுத்துப் போவார் செல்வராணி, சாயங்காலம் கொண்டுவந்து வைப்பார்.

அண்ணனுக்கு ஆரம்பத்தில் அதைக் கண்டாலே ஆகவில்லை.

"இதுல ஒரு எழுத்துக் கட்டை விளுந்தா மொத்தப் பொட்டியையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். என்னோடதுல கட்டை போச்சுன்னா கட்டையை மாத்து, திரை போச்சுன்னா திரையை மாத்து. என்ன நஷ்டம்?"

"உங்களோடது கூட்டுக் குடும்பம்" என்றார் செல்வராணி. "ஆளுக்கொரு வயரு. ஒருத்தரு கோவிச்சுக்கிட்டா எல்லாரும் படுத்துருவாக."

"மவுஸ் இல்ல, ஒண்ணு இல்ல. வெரலால தேச்சுக்கிட்டே இருக்கீக, சொறி புடிச்ச மாதிரி."

"உங்களுக்கு மேசை இல்லாட்டி வேலையே இல்லை. எனக்கு மரத்தடி போதும்."

அண்ணன் தன் மேசையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். மறுநாள் அவர் வேறு சட்டையில் வந்தார். இன்னொரு சட்டை இருக்கிறது என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

அந்த வருடம் கரண்ட் கண்ணாமூச்சி ஆடியது. எங்கள் யூ.பி.எஸ். வயதானது. கரண்ட் போனால் ஒப்பாரி வைக்கும், கண்ணீர் காய்வதற்குள் உயிரையும் விட்டுவிடும். ஒருநாள் செல்வராணி வகுப்பு சீக்கிரம் முடிந்து வந்திருந்த மதியம், அண்ணன் காலையிலிருந்து இழை இழையாகப் போட்டுக்கொண்டிருந்த மயில், சேமிப்பதற்குள் பட்டென்று இருட்டில் மறைந்துவிட்டது. ஃபேன் நின்றது. தெருவில் எல்லா அச்சு மெஷின்களும் ஒரே நேரத்தில் நின்றபோது, ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி ஒரு அமைதி வந்தது.

அந்த அமைதியில் ஒரே ஒரு வெளிச்சம் இருந்தது. லேப்டாப்பின் வெளிச்சம், அதற்குப் பின்னால் செல்வராணியின் முகம். கரண்ட் போனது தெரியாமல் அவர் எதையோ படித்துக்கொண்டிருந்தார். அண்ணன் இருட்டிலிருந்து அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் பார்க்கும்போது வருகிற அதே முகம். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அவருக்குத்தான் விளங்கச் சில மாதம் ஆனது.

"மயிலு போச்சா?" என்று கேட்டு, லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார் செல்வராணி. "கரண்டு வர்ற வரைக்கும் இதுல போடுங்க."

சொறி என்று கேலி செய்த அந்தச் சதுரத்தில் அண்ணன் விரலால் தேய்த்தார். மயில் வரவில்லை. ஒரு கோழி வந்தது, அதுவும் காய்ச்சல்காரக் கோழி. செல்வராணி சிரித்த சிரிப்பில், கரண்ட் வந்ததையே நாங்கள் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு, மானிட்டருக்கு முதலாளியம்மா தைத்துக் கொடுத்திருந்த பூப்போட்ட உறையை, கடை சாத்தும்போது அண்ணன் லேப்டாப்பின் மேல் போர்த்த ஆரம்பித்தார். "அண்ணே, அதுக்குக் குளிருமாக்கும்?" என்றேன். "தூசிலே, தூசி" என்றார். ஆயுதபூஜைக்கு இரண்டு பெட்டிக்கும் ஒரே விரலால் சந்தனம் வைத்தார்.

பிறகு ஒருநாள் சார்ஜர் வயரைச் சுற்றிக்கொண்டே செல்வராணி சொன்னார்: "அடுத்த வாரம் திருப்பூர்ல இருந்து என்னையப் பாக்க வாறாக."

அண்ணன் மவுஸை நகர்த்திக்கொண்டே இருந்தார். திரையில் அம்புக்குறி சும்மா சுற்றியது. செல்வராணி வயரைச் சுற்றி முடித்தார், மறுபடி அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். "சரி, வாறேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "எந்திரிங்கண்ணே! ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லுங்க!"

"அவ உற்சவருலே. திருப்பூர் என்ன, எங்கன கொண்டுபோய் வச்சாலும் ஓடிக்கிட்டே இருப்பா. நான் பிளக்கைப் புடுங்குனா அணைஞ்சிருவேன்."

"புடுங்கிப் பாத்திருக்கீகளா?"

அண்ணன் மவுஸிலிருந்து கையை எடுத்தார். மீன்கள் வந்தன. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை செல்வராணி லேப்டாப்பை எடுக்க வந்தபோது, அண்ணன் திரையைப் பார்த்தபடியே கேட்டார். "நாங்க வந்து பொண்ணு கேட்டா, உங்க அப்பா என்ன சொல்லுவாக?"

"நானே கேட்டுட்டேன்" என்றார் செல்வராணி. எனக்கு ஸ்டூல் ஆடியது. "குடும்பம் சரி, உறவுமுறை சரின்னாக. தொழில்தான் வேண்டாமாம். நெருப்பைச் சுமக்கிற பொட்டியை வச்சுப் பொளைக்கிறவன் என் கேட்டுப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லிட்டாக."

"அது லேப்டாப்புக்குச் சரி. நம்ம பொட்டி அப்படி இல்லையே. பிளக்கு இல்லாட்டி இது வெறும் தகரம்தான?" என்றார் அண்ணன். "கொண்டுபோய்க் காட்டிட்டு வந்துர்றேன்."

சொல்லிவிட்டு எழுந்தார். பட்டப்பகலில், நாற்காலியை விட்டு, எங்கள் டெஸ்க்டாப் அண்ணன் எழுந்தார். நாற்காலி க்ரீச் என்று கத்தியது. எதிர் அச்சகத்தில் கட்டிங் மெஷினை நிறுத்திவிட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலாளி அரைத் தூக்கத்திலிருந்து விழித்து, "தீப்புடிச்சிருச்சா?" என்று கேட்டார்.

மூலவர் புறப்பாடு ஆட்டோவில் நடந்தது. சி.பி.யூ. அண்ணனின் கால்களுக்கிடையில், நெற்றியில் ஆயுதபூஜைச் சந்தனத்தோடு. கீபோர்டும் மவுஸும் என்னிடம். மானிட்டரை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் காலத்து மானிட்டர், பருத்த குழந்தை கணக்காக இருக்கும். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அண்ணனிடமிருந்து ஒரு முனகல் வந்தது.

"அண்ணே, மடியில வச்சுட்டீக. இப்ப இதுவும் லேப்டாப்புதான்" என்றேன். முறைத்தார்.

ஊர் எல்லை தாண்டியதும் முறைப்பு மறைந்துவிட்டது. கரிசல் காடு, கருவேல மரங்கள், எங்கோ காயப்போட்டிருந்த வண்ணத் தாள்கள், அதற்கு மேலே வெள்ளை வெளேரென்று மேகம். மானிட்டரின் மேல் தாடையை வைத்துக்கொண்டு கண்ணிமைக்காமல் பார்த்தார்.

"ஏலே, இம்புட்டு வானமா இருக்கு வெளிய?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் இவரைச் சந்தேகமாகப் பார்த்தார். மதிய வானத்தை அவர் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

கேட்டில் செல்வராணியின் அப்பா நின்றார். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், ஒல்லியான கறார் மனிதர். வாங்க என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் பையைத் தடவிப் பார்த்தார். செல்போன்கள் தட்டுக்குப் போயின. செம்புத் தகட்டைக் காட்டினார். நான் தொட்டேன். அண்ணன் தொட்டார். பிறகு குனிந்து, சி.பி.யூ.வின் நெற்றியையும் தகட்டில் முட்ட வைத்தார். பெரியவருக்கு அது பிடித்திருந்தது. மீசை லேசாக அசைந்தது.

"மாமா, இதான் என் தொழிலு. இதுக்குச் சொந்தமாக் கரண்டு கிடையாது. சுவத்துல சொருகுனாத்தான் உசுரு. பேட்டரி கீட்டரி ஒண்ணும் இல்ல. நீங்களே பாருங்க."

பெரியவர் பெட்டியைச் சுற்றி வந்தார். புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்தார். காது வைத்துக் கேட்டார். முகர்ந்துகூடப் பார்த்தார். வீட்டு வாசலில் செல்வராணி முந்தானை நுனியைக் கசக்கிக்கொண்டு நின்றார். கடைசியில் பெரியவர் நிமிர்ந்தார்.

"சரிதான். குளுந்து போய்க் கெடக்கு. உள்ள வாங்க, காப்பி குடிச்சிக்கிட்டே பேசுவோம்."

முடிந்தது. திருப்பூர் தோற்றது. நான் செருப்பைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அண்ணன் நின்ற இடத்திலேயே நிற்கிறார். சி.பி.யூ.வையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு நிமிசம்."

சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். வேப்ப மர நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சி.பி.யூ.வின் மூடியைக் கழற்றினார். உள்ளே கையை விட்டு எதையோ நெம்பினார். வெள்ளிக் காசு போல ஒன்று உள்ளங்கையில் வந்து விழுந்தது.

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு மாமா. இதுக்குள்ளயும் ஒரு பேட்டரி இருக்கு."

செல்வராணி நெற்றியில் அடித்துக்கொண்டார். எனக்கு நாக்கு நுனி வரை ஒரு வார்த்தை வந்தது. வாரப் பத்திரிகையில் அதை எழுத முடியாது. யாரய்யா கேட்டார்கள் உன்னை?

பெரியவரின் குரல் மாறிவிட்டது. "இது எதுக்கு?"

"மணி பாக்குறதுக்கு. கரண்டு இல்லாதப்பயும் உள்ள ஒரு கடியாரம் ஓடிக்கிட்டு இருக்கும். இது இல்லேன்னா, காலையில கண்ணு முழிச்சதும் எந்த நாளு, எந்த வருசம்னு பொட்டிக்குத் தெரியாது."

"தீப்புடிக்குமா?"

"எனக்குத் தெரிஞ்சு புடிக்காது மாமா. ஆனா பேட்டரியே இல்லைன்னு உங்ககிட்டச் சொல்லிட்டேன்ல. அது பொய்யாப் போச்சு."

சொல்லிவிட்டு அந்தக் காசை செல்போன்களோடு தட்டில் வைத்தார். பெரியவர் தட்டைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார்.

"எத்தனையோ வருசமா இந்தக் கேட்ல நின்னு ஒவ்வொருத்தன் மடியாத் தடவி எடுக்கேன்" என்றார் மெதுவாக. "கேக்காமலே எடுத்துக் குடுத்தவன் நீ ஒருத்தன்தான்யா. என் தம்பி கூட நின்னவனும் இப்படி இருந்திருந்தா..." வீட்டைப் பார்த்துத் திரும்பினார். "தாயி, காப்பியில சீனி கூடப் போடு."

அண்ணன் கழற்றிய ஸ்க்ரூவில் ஒன்றைக் காணோம் என்று மண்ணில் தேடிக்கொண்டிருந்தார்.

திருப்பூர்க்காரர்களுக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் கிளம்பும்போது பெரியவர் செல்போன்களைத் திருப்பிக் கொடுத்தார், பேட்டரியையும் நீட்டினார். "அது உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா" என்றார் அண்ணன். பெரியவர் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். கல்யாணத்துக்குப் போனபோது பார்த்தேன், அதற்கும் குங்குமம் வைத்திருந்தார்கள்.

அதோடு எங்கள் கடைப் பெட்டிக்கு நாள் கிழமை மறந்து போயிற்று. ஒவ்வொரு காலையிலும் கண் விழித்து, ஏதோ ஒரு பழைய வருடத்தின் ஜனவரி முதல் தேதி என்று சொல்லும். புது பேட்டரி தெருமுனைக் கடையில் கிடைக்கும். "குடுத்தது குடுத்ததுதான்லே" என்று அண்ணன் வாங்கவே இல்லை. தினமும் தன் கையால் தேதியை மாற்றிவிட்டுத்தான் மயிலைத் தொடுவார். மேசையில் அவருடைய பெட்டிக்கு அருகில் செல்வராணியின் லேப்டாப் வழக்கம்போல் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. மாமனார் வீட்டுக்குப் போகும் நாட்களில் அது இன்னமும் கடையில்தான் தங்கும்.

அவர் சொன்னபடியே நானும் ஒருநாள் மூடித் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வந்துவிட்டேன். வந்த மறுநாள் காலை, கூட்டமான பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஏலே, பொட்டியைப் போட்டேன். இன்னைக்கு என்ன தேதி?"

சொன்னேன். "சரி. சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அடுத்த நாளும் அடித்தது.

இப்போது கடையில் புது மெஷின்கள் வந்துவிட்டன. தேதியை அவையே பார்த்துக்கொள்ளும். பழைய பெட்டி மீன்களோடு பரணுக்குப் போய்விட்டது. ஆனால் காலையில் போன் மட்டும் நிற்கவில்லை. நாட்டுக்கே காலண்டர் அடிக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, மனிதர் என்னிடம் தேதி கேட்கிறார். உங்கள் தலைக்கு மேலேயே ஒன்று தொங்குகிறதே அண்ணே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.